புவியியல் தரவைக் கேட்டு வருகிறார்கள்: அனுப்புவதா, விற்பதா, திறந்து விடுவதா?

ஒரு சிறு குழுவாக நடந்து நடந்து சேகரித்த தரவு உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளங்கள், ஊற்றுகள், ஒற்றையடிப் பாதைகள், பேருந்து நிறுத்தங்கள், பெரிய மரங்கள், எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, ஒரு பெயர், இரண்டு மூன்று குறிப்புகள். இப்படி ஒன்று இருப்பது வெளியே தெரிந்த நாளிலிருந்து மின்னஞ்சல் வர ஆரம்பிக்கும். ஆய்வு மாணவர் கேட்பார், செய்தியாளர் கேட்பார், செயலி செய்கிறவர் கேட்பார், ஏதோ ஒரு துறையில் வேலை பார்ப்பவர் தன் சொந்த அக்கறையில் கேட்பார். அப்போதுதான் இதை எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி குழுவுக்குள் முதல்முறையாக எழும், பெரும்பாலும் சண்டையோடு.

நான் இருந்த குழுவில் அந்தச் சண்டை மாதக்கணக்கில் ஓடியது. நாங்கள் நீர்நிலைகளைக் குறித்துக்கொண்டிருந்தோம். இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் ஆனது. வெயிலில் நடந்தவர்களுக்கு அதைச் சும்மா தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை, அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. நான் அப்போது "கேட்டவர்களுக்கு மட்டும் கொடுப்போம்" என்ற பக்கம் நின்றேன். இப்போது அந்தப் பக்கம் இல்லை. ஏன் மாறினேன் என்பதையும், எங்கள் முன் இருந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்ததையும் எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கிற வேறு யாருக்காவது அந்த மாதங்கள் மிச்சமாகட்டும்.

எங்கள் முன் ஐந்து வழிகள் இருந்தன. கேட்டவருக்கு மட்டும் அனுப்புவது, விலைக்குக் கொடுப்பது, இணையத்தில் பார்க்க மட்டும் விடுவது, முழுக் கோப்பையும் கட்டற்ற உரிமத்தில் யாரும் இறக்கிக்கொள்ள வைப்பது, யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய திறந்த உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்துவிடுவது. இவற்றில் எதைப் பேசுவதற்கும் முன்னால் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: அந்தத் தரவு உண்மையிலேயே உங்களுடையதா? நேரில் போய் அளந்தது என்றால் சரி. ஆனால் பாதியை நேரில் அளந்துவிட்டு மீதியைக் கூகுள் வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தின்மேல் கோடு இழுத்து முடித்திருந்தால், அந்த மீதியை உங்கள் பெயரில் வெளியிட முடியாது. அப்படிப் பிரதி எடுப்பதை அவர்களுடைய விதிமுறைகள் தடுக்கின்றன. (பிங் வான்படங்களின்மேல் வரைய மைக்ரோசாஃப்ட் 2010இல் அனுமதி கொடுத்தது ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்காக மட்டும்.) எங்கள் தொகுப்பிலும் இப்படிச் சில குளங்களின் கரைக்கோடுகள் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு, மறுபடி நடந்தோம். வெளியிட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட முன்னால் கண்டுபிடித்தது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, சேகரித்த ஒவ்வொருவரிடமும் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைப்பது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2012 செப்டம்பரில் தன் உரிமத்தை மாற்றியபோது அதுவரை பங்களித்த எல்லோரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியிருந்தது. ஒப்புக்கொள்ளாதவர்கள் வரைந்ததை வரைபடத்திலிருந்து நீக்கினார்கள். அவ்வளவு பெரிய திட்டமே அந்த வலியைப் பட்டது. பத்துப் பேர் கொண்ட குழுவில் இருவர் வேறு வேலைக்குப் போய் எண்ணையும் மாற்றிவிட்டால் அப்புறம் யாரைத் தேடுவீர்கள்? இன்றைக்கே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

சரி, முதல் வழி. கேட்டவருக்கு மட்டும் அனுப்புவது மரியாதையான வழிபோலத் தோன்றும். யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று தெரிகிறது, தவறானவர் கைக்குப் போகாது என்று ஒரு நிம்மதி. நாங்கள் ஒரு வருடத்துக்கு மேல் இதைச் செய்தோம். நடந்தது என்னவென்றால், பதில் எழுதும் வேலை ஒரே ஒருவர் தலையில் விழுந்தது. அவர் ஊரில் இல்லாத வாரங்களில் கேட்டவர்கள் காத்திருந்தார்கள், சிலர் காத்திருந்து அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். இவருக்குக் கொடுத்தோம், அவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு எங்களிடம் நேர்மையான பதில் இல்லை, ஏனென்றால் எங்களிடம் விதி எதுவும் இல்லை, தெரிந்தவர் சொன்னால் சீக்கிரம் போனது, அவ்வளவுதான். இதைவிட மோசமானது பழைய பிரதிகள். மின்னஞ்சலில் ஒருமுறை போன கோப்பு திரும்பி வராது. நாங்கள் திருத்திக்கொண்டே இருந்தோம், வெளியே போனது திருந்தவில்லை. ஒரு கோடையில் எங்கள் பழைய கோப்பை யாரிடமிருந்தோ வாங்கிய ஒருவர், நாங்கள் எப்போதோ "வற்றிவிட்டது" என்று மாற்றிய ஊற்றைத் தேடி வெகுதூரம் நடந்து போய், தண்ணீர் இல்லாமல் திரும்பி வந்து எங்களுக்கு எழுதினார். திட்டி எழுதவில்லை, வருத்தப்பட்டு எழுதினார். அந்தக் கடிதம் என்னை மிகவும் பாதித்தது. கட்டுப்பாடு எங்கள் கையில் இருக்கிறது என்று நாங்கள் நினைத்தது வெறும் நினைப்பு என்று அன்று புரிந்தது.

இந்த வழியில் இன்னொரு குறை உண்டு, அது கண்ணுக்கே தெரியாது. கேட்காமலே போனவர்கள். ஒரு பள்ளி ஆசிரியர், வகுப்புக்கு ஒரு வரைபடம் காட்டலாமா என்று யோசிக்கிறவர், முன்பின் தெரியாத ஒரு குழுவுக்குக் கடிதம் எழுதி, காரணம் சொல்லி, பதிலுக்குக் காத்திருப்பாரா? மாட்டார், வேறு பாடத்துக்குப் போய்விடுவார். தேவை எவ்வளவு என்று கேட்டால் நாம் வந்த மின்னஞ்சல்களை எண்ணுகிறோம். வராத மின்னஞ்சல்களை எப்படி எண்ணுவது?

இதற்கு மிகப் பெரிய சாட்சி லேண்ட்சாட். விலை வைப்பதா என்ற இரண்டாவது கேள்விக்கும் அதுவே பதில் சொல்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லேண்ட்சாட் அமெரிக்க அரசின் நிலநோக்குச் செயற்கைக்கோள் வரிசை, முதலாவது 1972 ஜூலையில் ஏவப்பட்டது. 1984இல் ஒரு சட்டம் போட்டு அந்தப் படங்களின் விற்பனையைத் தனியாரிடம் விட்டார்கள். ஒரு படத்தின் விலை ஏறிக்கொண்டே போய் 4,000 டாலரைத் தாண்டியது. பல்கலைக்கழகங்கள் வாங்குவதைக் குறைத்தன, அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் அதோடு நிற்கவில்லை: வாங்க ஆள் இருக்கிற இடங்களை மட்டும் படம் எடுப்பது என்று ஆனது, வாங்க ஆள் இல்லாத பெரும் நிலப்பரப்புகளுக்கு அந்த வருடங்களின் படமே இல்லை. எண்பதுகளில் ஒரு காடு எப்படி இருந்தது என்று இன்றைக்குப் பார்க்க விரும்புகிறவருக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது கிடைக்காது. விலை வைத்தால் பயன்பாடு குறையும் என்பது எனக்கு முன்பே தெரியும். சேகரிப்பே சுருங்கிப் போகும் என்பதை இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் 1992இல் சட்டத்தை மாற்றினார்கள், 1999இல் ஏவிய லேண்ட்சாட் 7இன் படங்களை 600 டாலருக்குக் கொடுத்தார்கள். முன்பிருந்ததோடு பார்த்தால் மலிவுதான். அந்த விலையில் மிக நன்றாக விற்ற ஆண்டிலேயே நாளொன்றுக்குச் சராசரி 53 படங்கள் போயின. 2008இல் மொத்தச் சேமிப்பையும் இலவசமாக்க முடிவெடுத்தார்கள். 2009இல் இறக்கியவை பத்து லட்சத்தைத் தாண்டின, அதற்கடுத்த ஆண்டு இருபது லட்சத்தையும். படங்கள் அதேதான், செயற்கைக்கோளும் அதேதான். 600 டாலர் என்ற தடுப்புக்குப் பின்னால் எவ்வளவு பேர் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது அந்தத் தடுப்பை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

நீர்நிலைகளைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2016இல் உலகத்தில் நிலத்தின் மேலுள்ள நீர்ப்பரப்பு முழுவதற்கும் ஒரு வரைபடம் வெளியிட்டது. 1984 முதல் 2015 வரை எங்கே தண்ணீர் இருந்தது, எங்கே மறைந்தது, எங்கே புதிதாகத் தேங்கியது என்று காட்டுகிற வரைபடம். அதற்குப் பயன்பட்டவை சுமார் 30 லட்சம் லேண்ட்சாட் படங்கள். ஒரு படம் 600 டாலர் என்ற பழைய கணக்கைப் போட்டுப் பாருங்கள், 180 கோடி டாலர். யாரும் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கப் போவதில்லை, ஆகவே அந்த வரைபடம் பிறந்தே இருக்காது. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் 2014 முதல் பறக்க ஆரம்பித்தபோது அவற்றின் தரவைத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தார்கள்.

"அதெல்லாம் அரசாங்கம், வரிப்பணம், நாம் சின்னக் குழு" என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். நியாயமான கேள்வி. செருப்புத் தேய்கிறது, போன் தேய்கிறது, போக்குவரத்துக்குச் செலவாகிறது, கொஞ்சமாவது திரும்பி வரட்டுமே? விலைக்குக் கொடுப்பதில் ஒரு நேர்மையான வடிவம் உண்டு என்று நானும் நினைக்கிறேன்: தரவுக்கு விலை வைக்காமல் உழைப்புக்கு வைப்பது. ஒரு நிறுவனம் தன் தேவைக்கு ஏற்றபடி புதிதாக ஓர் இடத்தை அளந்து தரச் சொன்னால், அல்லது இருக்கிற தரவை வேறு வடிவில் மாற்றிப் பகுத்துத் தரச் சொன்னால், அதற்குத் தாராளமாகக் காசு கேளுங்கள். ஆனால் ஏற்கனவே சேகரித்து முடித்த கோப்பை விற்பதென்றால் ரசீது, ஒப்பந்தம், வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுத்தாரா என்ற கண்காணிப்பு என்று தனியாக ஒரு வேலை முளைக்கும், அதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். தவிர, விலை கட்டுப்படியாகாதவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், தாங்களே வரைந்துகொள்வார்கள். பிரிட்டனில் தேசிய நில அளவைத் தரவு விலையிலும் உரிமத்திலும் இறுகிக் கிடந்த காலத்தில், 2004இல், ஸ்டீவ் கோஸ்ட் அங்கேதான் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே மாதம் எடுத்துவிட்டிருந்தார்கள், அதனால் கையடக்கக் கருவியோடு நடக்கிற சாதாரண ஆளும் தெருவைச் சரியாகக் குறிக்க முடிந்தது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தொடங்கி ஆறு வருடம் கழித்து, 2010 ஏப்ரலில், அந்த நில அளவை அமைப்பே தன் தரவில் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்துவிட்டது.

திறந்துவிட்டதால் என்ன வந்தது என்று கணக்குப் பார்த்தவர்களும் உண்டு. டென்மார்க் 2002இல் தன் அதிகாரபூர்வ முகவரித் தரவை, ஆயத்தொலைவுகளோடு (அட்சரேகை, தீர்க்கரேகை மாதிரி இடம் சொல்லும் எண்கள்), கட்டணமில்லாமல் கிடைக்கச் செய்தது. 2005 முதல் 2009 வரை அதனால் கிடைத்த நேரடி நன்மை சுமார் 6.2 கோடி யூரோ, செலவு சுமார் 20 லட்சம் யூரோ என்று பின்னர் மதிப்பிட்டார்கள், நன்மையில் பெரும்பங்கு தனியார் துறைக்குப் போனது. "பார்த்தாயா, லாபம் கம்பெனிக்காரனுக்கு" என்று இதைப் படித்துச் சிலர் சொல்வார்கள். ஆம்புலன்ஸ் சரியான கதவுக்கு வருவதும் அதே தரவால்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, பார்க்க மட்டும் விடுவது: ஓர் இணையப் பக்கத்தில் வரைபடம் இருக்கும், பெரிதாக்கலாம், புள்ளியைத் தொட்டால் விவரம் வரும், கோப்பு கிடைக்காது. பொதுமக்களுக்குக் காட்ட இது அழகான வழி, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு பகிர்ந்துவிட்டோம் என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. இரண்டு அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து எந்தக் குளம் எந்தச் சாலைக்குப் பக்கம் என்று கணக்கிட விரும்புகிறவருக்குப் படம் உதவாது, எண்கள் வேண்டும். அதோடு சேவையகத்தை யாராவது தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும், மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும், ஆர்வமுள்ள அந்த ஒரே ஆள் விலகிவிட்டால் பக்கம் திறக்காது. நல்ல நோக்கத்தோடு கட்டிய எத்தனையோ வரைபடத் தளங்கள் இப்படித்தான் இருந்த சுவடே இல்லாமல் போயிருக்கின்றன, உள்ளே இருந்த தரவோடு சேர்த்து.

நான்காவதும் ஐந்தாவதும்தான் எனக்கு நிஜமான போட்டியாகத் தோன்றின.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அங்கே போட்டால் உங்கள் குளம் எத்தனையோ செயலிகளில், விக்கிப்பீடியா வரைபடங்களில், ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி இணையம் இல்லாமலே வேலை செய்கிற வழிகாட்டிகளில் தானாகப் போய்ச் சேரும். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் புதிதாகக் கிடைத்த செயற்கைக்கோள் படங்களை வைத்து போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்தின் தெருக்களைச் சில நாட்களில் வரைந்து முடித்தார்கள், களத்தில் இருந்த மீட்புக் குழுக்கள் அதைத் தங்கள் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்காத ஒரு பொது இடம் ஏற்கனவே இருந்ததால் முடிந்த காரியம் அது. அதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் ஒரு வருட மின்னஞ்சல் பரிவர்த்தனை எனக்கு உறுத்துகிறது.

ஆனால் உங்கள் தரவு முழுவதும் அங்கே பொருந்தாது. நேரில் போய் இன்னொருவர் சரிபார்க்கக்கூடிய விஷயம்தான் அங்கே இருக்க வேண்டும்: இங்கே ஒரு குளம், இதன் பெயர் இது, இதன் கரை இப்படிப் போகிறது. இந்தக் குளத்தில் மார்ச் மாதம் இத்தனை அடி தண்ணீர், தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு, கரையில் இருந்த பெரியவர் சொன்னபடி முன்பு இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது, இதற்கெல்லாம் அங்கே இடமில்லை. எங்கள் தொகுப்பின் உயிரே அந்தக் குறிப்புகளில்தான் இருந்தது. மொத்தமாகக் கொட்டவும் முடியாது; பெரிய அளவில் ஏற்றுவதாக இருந்தால் அந்தப் பகுதியில் வரைகிறவர்களிடம் முன்கூட்டியே பேசி, திட்டத்தை எழுதி வைத்து, தனிக் கணக்கிலிருந்து ஏற்ற வேண்டும், ஏற்கனவே யாரோ கவனமாக வரைந்த குளத்தின்மேல் உங்களுடையதை இரட்டையாகப் போட்டுவிடக் கூடாது. இந்த விதிகள் சிலருக்கு எரிச்சலாக இருக்கும், எனக்கு நல்லதாகவே பட்டது.

பெரிய நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளுமே என்ற பயம் உண்மையானது, எடுத்துக்கொள்கின்றனதான். 2022 டிசம்பரில் அமேசான் வெப் சர்வீசஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் நான்கும் சேர்ந்து தொடங்கிய ஓவர்ச்சர் மேப்ஸ் ஃபவுண்டேஷன் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்துகிறது. ஆனால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் ஓடிபிஎல் உரிமம், மூலத்தைக் குறிப்பிடு, தரவுத்தளத்தை மாற்றி வெளியே கொடுத்தால் மாற்றியதையும் அதே உரிமத்தில் கொடு என்று கேட்கிறது. உங்கள் குளத்தை யாரோ ஒருவர் தன் சொத்தாக்கிப் பூட்டிவைக்க அது இடம் கொடுக்காது.

கோப்பாகத் திறந்து வைப்பது, அதாவது நான்காவது வழி, எங்கள் குறிப்புகளையெல்லாம் அப்படியே காப்பாற்றியது. இங்கே கேள்வி எந்த உரிமம் என்பதுதான், அதில் எங்கள் குழு இரண்டு கூட்டங்களைச் செலவழித்தது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது "வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை" என்று போடுவது. நானும் அதற்குத்தான் கைதூக்கினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால், எது வணிகம் என்று சொல்ல வரவில்லை: விளம்பரம் போடும் செய்தித்தாள் வணிகமா, கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்பு, நன்கொடை வாங்கும் தொண்டு நிறுவனம்? சந்தேகம் வந்தால் நல்லவர்கள் தொடாமல் விலகிப் போவார்கள், எடுப்பவர்கள் எப்படியும் எடுப்பார்கள். அந்தத் தடையோடு வருவதை விக்கிப்பீடியா ஏற்காது, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும் ஏற்காது. நாங்கள் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விரும்பினோமோ அவர்களுக்குத்தான் முதலில் கதவு அடைபடுகிறது.

மீதி இருந்தவை சிசி-பை, அதாவது பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எதற்கும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அப்புறம் எந்த நிபந்தனையும் இல்லாத சிசி-ஜீரோ, மூன்றாவது ஓடிபிஎல். சிசி-பை எடுப்பதென்றால் 2013இல் வந்த 4.0 பதிப்பை எடுங்கள், ஏனென்றால் அது தரவுத்தள உரிமையையும் சேர்த்துப் பேசுகிறது. ஐரோப்பாவில் 1996 முதல் தரவுத்தளத்துக்கென்றே தனி உரிமை இருக்கிறது. அமெரிக்காவில் வெறும் உண்மைத் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லிவிட்டது. நாட்டுக்கு நாடு இப்படி மாறுவதால், ஒன்றும் எழுதாமல் கோப்பை மட்டும் போட்டுவைத்தால் எச்சரிக்கையான யாரும் அதைத் தொட மாட்டார்கள். எங்களுக்குப் பெயர் வர வேண்டும் என்ற ஆசை இருந்தது, வெயிலில் நடந்தவர்களுக்கு அதையாவது கொடுக்க வேண்டாமா, அதனால் சிசி-பை 4.0 எடுத்தோம். அதோடு ஒரு கடிதமும் எழுதி வைத்தோம்: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்க எங்களுக்குச் சம்மதம், அங்கே பங்களிப்பாளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று. சிசி-பை தரவை ஏற்க அவர்களுக்கு அப்படி ஒரு தனி ஒப்புதல் தேவைப்படுகிறது. சிசி-ஜீரோ எடுத்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது, பெயர் முக்கியமில்லை என்று நினைக்கிற குழுவுக்கு அதுதான் சுலபம்.

எங்கே வைப்பது என்பது சீக்கிரம் முடிந்தது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்துகிற, ஆய்வுக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் செனோடோ தளம். காசு இல்லை, ஒவ்வொரு பதிப்புக்கும் நிலையான அடையாள எண் கிடைக்கிறது, எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக ஒன்றும் கிடைக்கிறது, எத்தனை பேர் இறக்கினார்கள் என்றும் தெரிகிறது. பழைய பிரதியோடு அலைந்தவர் பிரச்சினைக்கு இதுவே பெரிய பதில், பழைய பதிப்பின் பக்கத்துக்குப் போனாலும் புதியது ஒன்று இருக்கிறது என்று அங்கேயே காட்டிவிடும்.

கோப்பு வடிவத்தில் தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பலரும் பழக்கத்தில் ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தைக் கேட்பார்கள். அதன் விவரப் பட்டியல் டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் வடிவம். பட்டியலின் ஒவ்வொரு நெடுவரிசைத் தலைப்புக்கும் பத்து பைட்தான் (கணினியின் சேமிப்பு அலகு) இடம். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும், "குளம்" என்ற சொல்லுக்கே, உகரக் குறியும் புள்ளியும் சேர்த்து ஐந்து குறியீடு என்பதால், பதினைந்து பைட் ஆகிறது, தலைப்பில் அடங்காது. உள்ளே எழுதும் உரைக்கும் 254 பைட் உச்சவரம்பு, அதாவது நீளமான ஒரு குறிப்பு நடு எழுத்தில் வெட்டுப்படும். எழுத்துக் குறியாக்க முறையைச் சொல்லும் துணைக்கோப்பு விட்டுப்போனால் எல்லாப் பெயரும் கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ வரும். ஒரு குளத்தின் பெயரை அங்கிருந்தவர் வாயால் கேட்டுக் கவனமாக எழுதிவந்து, அது கேள்விக்குறியாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காது. ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவம் ஒரே கோப்பு, இந்தத் தொல்லை எதுவும் இல்லை, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் நேரடியாகத் திறக்கும். அதையும், விரிதாளில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சிஎஸ்வியும் (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) கொடுத்தால் போதும். இணைய வரைபடங்களில் அதிகம் பயன்படும் ஜியோஜேசன் வடிவத்தில் கொடுப்பதாக இருந்தால் அதில் தீர்க்கரேகை முதலில் வரும் என்பதை மறக்க வேண்டாம், மாற்றிப் போட்டால் உங்கள் குளங்கள் வேறு கண்டத்திலோ கடலிலோ போய் விழும்.

தசம இடங்களையும் பாருங்கள். ஒரு டிகிரி அட்சரேகை என்பது சுமார் 111 கிலோமீட்டர், ஐந்தாவது தசமம் ஒரு மீட்டர் அளவு, எட்டாவது ஒரு மில்லிமீட்டர். போனில் உள்ள ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழ் சுமார் 5 மீட்டர் சுற்றுக்குள் சொன்னாலே நன்று, மரத்தடியில் இன்னும் மோசம். எட்டு தசமத்தோடு கோப்பை வெளியிட்டால் அவ்வளவு துல்லியமாக அளந்தோம் என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும். ஐந்தோடு நிறுத்தினோம்.

கோப்போடு போகிற விளக்கக் குறிப்பை ஒப்புக்கு எழுதாதீர்கள். யார், எப்போது, எந்தக் கருவியால் என்பதெல்லாம் எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது ஒன்றுண்டு: வரைபடத்தில் வெறுமையாக இருக்கிற இடத்தில் குளம் இல்லையா, நீங்கள் போகவில்லையா? இந்த இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம். நாங்கள் நடந்து முடித்த பகுதியின் எல்லையைத் தனி அடுக்காக வரைந்து சேர்த்தோம். ஆய்வு செய்கிறவர்கள் நன்றி சொல்லி எழுதியது குளங்களைவிட அந்த எல்லைக்கோட்டுக்குத்தான் அதிகம்.

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லாவற்றையும் திறக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். உடற்பயிற்சித் தடங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலி 2017 இறுதியில் வெளியிட்ட உலக வெப்பவரைபடத்தில் (அதிகம் பேர் போன வழிகள் பளிச்சென்று தெரியும் வரைபடம்) யாருடைய பெயரும் இல்லை, ஆனாலும் ஆளரவமற்ற இடங்களில் ஓடியவர்களின் தடம் ராணுவ முகாம்களின் உள்வழிகளைக் காட்டிக்கொடுத்ததை 2018 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள். பெயரை நீக்கினால் போதும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். எங்கள் தொகுப்பில் தனியார் வீட்டு வளாகத்துக்குள் இருந்த கிணறுகள் இருந்தன, அரிய பறவைகள் கூடு கட்டும் இரண்டு குட்டைகள் இருந்தன. கிணறுகளை எடுத்துவிட்டோம். குட்டைகளுக்கு, உயிரினங்களைப் பார்த்த இடங்களைப் பலரும் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் செய்கிற மாதிரி செய்தோம். அங்கே ஆபத்திலிருக்கும் உயிரினத்தின் இடத்தை 0.2 டிகிரி கட்டத்துக்குள் மங்கலாக்கிக் காட்டுவார்கள். இதில் ஒரு நுணுக்கம், ஒவ்வொரு பதிப்பிலும் புள்ளியைப் புதிதாக அங்கே இங்கே தள்ளி வைக்காதீர்கள், நாலைந்து பதிப்புகளின் சராசரி எடுத்தால் உண்மையான இடம் கிட்டத்தட்ட வெளியே வந்துவிடும். ஒருமுறை மங்கலாக்கியதையே கடைசி வரை வைத்திருங்கள். புகைப்படங்களையும் சேர்ப்பதாக இருந்தால் அவற்றுக்குள் போன் பதிந்து வைத்த ஆயத்தொலைவை அழித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், தரவில் மறைத்ததைப் படம் சொல்லிவிடும். இந்த மறைத்த சில புள்ளிகளுக்கு மட்டும் முதல் வழியை, கேட்டவருக்கு விசாரித்துக் கொடுப்பதை, வைத்துக்கொண்டிருக்கிறோம். அளவாக இருப்பதால் அது இப்போது யாருக்கும் பாரமாக இல்லை.

ஆகவே எங்கள் முடிவு நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்தது: முழுத் தொகுப்பு சிசி-பை 4.0இல் செனோடோவில், இடம், பெயர், கரை இவை மட்டும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே. ஒரே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் கோப்பை முதலில் வெளியிடுங்கள், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மற்றவர்கள்கூட அதிலிருந்து எடுத்துச் சேர்க்க முடியும். உங்கள் தரவில் இடமும் பெயரும் மட்டும்தான் இருக்கிறது, வேறு குறிப்பு ஒன்றும் இல்லை என்றால் நேராக ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கே போய்விடலாம், தனிக் கோப்பைப் பராமரிக்கும் வேலை மிச்சம்.

வெளியிட்ட பிறகு வரும் மின்னஞ்சல்களின் தன்மை மாறிவிட்டது. "அனுப்ப முடியுமா" என்று கேட்டு வருவது அநேகமாக நின்றுபோனது, "இந்தக் குளத்துக்கு நாங்கள் வேறு பெயர் சொல்வோம்", "இந்த ஊற்றுக்குப் போகும் பாதை இப்போது வேலி போட்டு அடைத்துவிட்டார்கள்" என்று வருகிறது. சும்மா கொடுக்கவே கூடாது என்று கடைசிவரை வாதாடிய தோழிதான் இந்தத் திருத்தங்களைக் கவனித்துக்கொள்கிறார். கோடைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு பதிப்பு, கோப்பின் பெயரிலேயே தேதி. இடையில் வருவதைத் தனியே எழுதி வைத்துக்கொண்டு, யாராவது நேரில் போய்ப் பார்த்த பிறகே சேர்க்கிறார்.